கல்லீரல் புற்றுநோய் வந்தபின் வீட்டில் எப்படி இருப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டாக்டரின் அறைக்குள் கேட்க வாய் வராத கேள்விகளெல்லாம் வராந்தாவுக்கு வந்ததும் கிளம்பும். “சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்று மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி நிற்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுகளில் மிகுதியாக வருவது ஹெப்படோசெல்லுலர் கார்சினோமா, ரிப்போர்ட்டில் எச்.சி.சி. என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். இங்கே பேசுவது அதைப் பற்றி. குடலிலோ மார்பகத்திலோ தொடங்கி ஈரலுக்குப் பரவிய புற்றுக்கு வைத்தியமே வேறு. உங்கள் ரிப்போர்ட் எதைச் சொல்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்லை. அவருக்கு எப்படி வந்துச்சு?

ஈரல் நோய் என்று காதில் விழுந்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி “குடிப்பாரா?” என்பதுதான். குடிக்காத மனிதரின் மனைவி அந்தப் பார்வையையும் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

மது ஒரு காரணம்தான். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் உலக அளவில் அதைவிடப் பெரிய காரணம். பிறக்கும்போதே தாயிடமிருந்து பி வைரஸ் தொற்றியவர் நாற்பது, ஐம்பது வயதுவரை ஒரு தொந்தரவும் தெரியாமல் இருந்துவிடலாம். இப்போது அதிகமாகப் பார்ப்பது இன்னொரு வகை: சர்க்கரை நோய், தொப்பை, கொழுப்பு ஈரல், அது முற்றி ஈரல் சுருக்கம், அதன்மேல் கட்டி. சரியாகக் காயாத நிலக்கடலையிலும் சோளத்திலும் பூக்கும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். பி வைரஸ் உள்ளவருக்கு அது ஆபத்தைப் பல மடங்காக்கும். கசப்படித்த கடலையைக் கழுவி வறுத்துப் பயன்படுத்தாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

குடித்ததால் வந்தது என்றால்? அவருக்கும் இதே வைத்தியம், இதே கவனிப்புதான். இன்றைக்கு நிறுத்தினாலும் ஈரலுக்கு அதனால் பலன் உண்டு.

கட்டி சின்னதுதான்னு சொல்றாங்க. ஆனா ஆபரேஷன் பண்ண முடியாதுங்கிறாங்களே, ஏன்?

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற எல்லாமே புரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் புற்று நல்ல ஈரலில் வருவதில்லை. பல வருடமாகத் தழும்பேறிச் சுருங்கிய ஈரலில் வருகிறது. ஆக, ஒரே உறுப்பில் இரண்டு நோய். கட்டியை வெட்டி எடுத்தால் மிச்சமிருக்கும் ஈரல் உடம்பைத் தாங்க வேண்டும். அது ஏற்கெனவே களைத்திருந்தால் கட்டி போய்விடும், ஆள் தேற மாட்டார்.

அதனால்தான் டாக்டர்கள் கட்டியின் அளவோடு ஈரலின் தெம்பையும் கணக்கிடுகிறார்கள். சைல்டு-பியூ என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. ரத்தத்தில் பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம் ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 5, 6 வந்தால் ‘ஏ’, 7 முதல் 9 வரை ‘பி’, 10-உம் அதற்கு மேலும் ‘சி’. ‘ஏ’வில் இருப்பவருக்குத் திறந்திருக்கும் பல வைத்தியக் கதவுகள் ‘சி’க்குப் போனவருக்கு மூடிவிடும்.

வீட்டில் உள்ளவர்களால் செய்ய முடிவது இங்கேதான். கட்டியை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சாப்பாடு, உப்பு, மலம், தூக்கம், வேண்டாத மாத்திரை, வேண்டாத கஷாயம் எல்லாம் ஈரலின் தெம்பை ஏற்றவோ இறக்கவோ செய்யும். அடுத்த சிகிச்சைக்கு அவரைத் தகுதியாக வைத்திருப்பதில் சமையலறைக்குப் பெரிய பங்கு உண்டு.

பயாப்ஸி எடுக்காமலே புற்றுன்னு எப்படிச் சொல்றாங்க?

ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனே பல நேரம் போதும். ஊசிமருந்து தமனி வழியாக வரும் நேரத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். கொஞ்ச நேரத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிவிடும். ஓரளவு வளர்ந்த கட்டி இந்த இரண்டையும் தெளிவாகக் காட்டினால் ஊசி போட்டுச் சதை எடுக்க அவசியம் இல்லை. ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் பயாப்ஸி எடுப்பார்கள். “கத்தி பட்டால் பரவிவிடும்” என்ற பயம் நம் ஊரில் நிறைய. ஊசி போன தடத்தில் புற்று ஒட்டிக்கொள்வது நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நடக்கக்கூடியது. டாக்டர்கள் அதை எடைபோட்டுத்தான் கேட்கிறார்கள், பயந்து மறுத்துவிடாதீர்கள்.

இந்தப் புற்றுக்காகப் பார்க்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று நிம்மதியாகிவிடவும் வேண்டாம். கட்டி இருந்தும் பலருக்கு அது ஏறுவதில்லை.

என்னென்ன வைத்தியம் இருக்கு?

சின்னக் கட்டி, தெம்பான ஈரல் என்றால் வெட்டி எடுக்கலாம், அல்லது ஊசி வழியாகச் சூடேற்றிச் சுட்டுவிடலாம். கட்டி சின்னது ஆனால் ஈரல் சுருங்கிவிட்டது என்றால் மாற்று ஈரல். ஈரலுக்குள்ளேயே பல கட்டிகள் இருந்தால் ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி அடைக்கும் ‘டேஸ்’, அல்லது கதிரியக்க மணிகளைச் செலுத்தும் ‘டேர்’. சிலருக்கு வெளியிலிருந்து குறிவைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. பெரிய ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டாலோ வெளியே பரவிவிட்டாலோ மாத்திரை, அல்லது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசி.

வெட்டி எடுத்தாகிவிட்டது, முடிந்தது என்று ஸ்கேனுக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அறுவைக்குப் பின் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்கும் மேல் ஈரலில் மறுபடி கட்டி வருகிறது. மிச்சமிருப்பதும் அதே தழும்பேறிய ஈரல்தானே. முதல் இரண்டு வருடம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று சொன்னால் தேதி தவறாமல் வாருங்கள். மறுபடி வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் வழி இருக்கிறது.

டேஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல், வயிற்றுவலி. ஏதாவது தப்பாயிடுச்சா?

நல்ல ஈரலுக்கு ரத்தம் பெரும்பாலும் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகப் பாய்கிறது. கட்டியோ தமனியிலிருந்து உறிஞ்சுகிறது. ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்கால் இருப்பதுபோல. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்துக் கட்டிக்குப் போகும் வாய்க்காலில் மருந்தைவிட்டு மடையை அடைக்கிறார்கள். கட்டியின் செல்கள் செத்து அழியும்போது சில நாள் காய்ச்சல், வலி, குமட்டல், அசதி வருவது வழக்கம். மெல்ல மெல்லக் குறைய வேண்டும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினாலோ, ஒரு வாரம் தாண்டியும் விடவில்லை என்றாலோ, கண் மஞ்சளானாலோ, வயிறு ஊதினாலோ உடனே வரவேண்டும்.

மாற்று ஈரல் வெச்சா முழுசா குணமாயிடுமா? யார் கொடுக்கலாம்?

கட்டியும் போய், சுருங்கிய ஈரலும் போகிறது என்பதால் தகுதியானவர்களுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. தகுதியை முடிவு செய்ய 1996-இல் இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர்கள் வகுத்த அளவு இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டிவரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், பெரிய ரத்தக்குழாயில் புகாமல், வெளியே பரவாமல். அந்த அளவுக்குள் மாற்று ஈரல் பெற்றவர்களில் நான்கு வருடம் கழித்தும் நூற்றுக்கு 75 பேர் உயிரோடு இருந்தார்கள். அளவைத் தாண்டியவருக்கு டேஸ் போன்றவற்றால் கட்டியைச் சுருக்கிக் கொண்டுவந்து பார்ப்பதும் உண்டு.

உயிரோடு இருப்பவர் ஈரலின் ஒரு பகுதியைத் தரலாம். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவாக ஏற்கிறது. கொடுத்தவரின் ஈரல் சில மாதங்களில் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். ஆனாலும் அது பெரிய அறுவைதான். கொடுப்பவருக்கு உள்ளூரத் தயக்கம் இருந்தால் வீட்டில் யாரும் நெருக்கக் கூடாது. “டாக்டர், உங்ககிட்ட தனியாகப் பேசணும்” என்று அவர் கேட்டால் தனியாகப் பேச உரிமை உண்டு.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்கான வரிசையைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பார்த்துக்கொள்கிறது. அரசுத் துறையில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை நடக்கிறது. வசதி இல்லை என்று நீங்களே முடிவு செய்துகொண்டு விசாரிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

மாத்திரைக்கு மாசம் லட்சக்கணக்கில் ஆகும்னு சொன்னாங்களே?

ஒரு காலத்தில் ஆனது. சோரஃபெனிப் என்ற மாத்திரைதான் முற்றிய கல்லீரல் புற்றில் ஆயுளைக் கூட்டும் என்று முதலில் நிரூபணமான மருந்து. இந்தியாவில் ஒரு மாதத்துக்கான 120 மாத்திரையை பேயர் நிறுவனம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமை அதிகாரி, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு அதே மருந்தைத் தயாரிக்கக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் தயாரிக்க அனுமதி, கொடுத்தார். நிர்ணயித்த விலை மாதத்துக்கு 8,880 ரூபாய். இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் கட்டாய உரிமம் அது. பேயர் மேல்முறையீடு செய்தது. 2013 மார்ச்சில் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் உரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நம் ஊரில் ஒருவர் இன்று இந்த மாத்திரையை வாங்க முடிவதற்குப் பின்னால் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. நோயாளிகளிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. லென்வாட்டினிப் என்ற மாத்திரையும் இப்போது பல இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகக் கிடைக்கிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய்வரை. உங்கள் சிகிச்சை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் சேரும் முன்பே கேளுங்கள். பி, சி வைரஸுக்கான மருந்துகளை 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். புற்றுக்கு வைத்தியம் நடக்கும்போதும் வைரஸ் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அந்த மாத்திரை சாப்பிட்டா உள்ளங்கை, பாதமெல்லாம் எரியுதே?

சோரஃபெனிப் சாப்பிடும் பலருக்கு முதல் சில வாரங்களில் வரும். அழுத்தம் படும் இடத்தில்தான் முதலில் சிவக்கும், பிறகு கொப்புளம், காய்ப்பு. மருந்து தொடங்கும் நாளிலிருந்தே யூரியா கலந்த களிம்பைத் தடவச் சொல்கிறோம். பாதக் காய்ப்பை முன்கூட்டியே நீக்கிவிடுவது நல்லது. மெத்தென்ற செருப்பு, வீட்டுக்குள்ளும். வெந்நீரில் காலை வைக்க வேண்டாம். அம்மிக்கல், துணி பிழிவது, மண்வெட்டி பிடிப்பது எல்லாவற்றையும் கொஞ்ச நாள் மற்றவரிடம் விடுங்கள். வயிற்றுப்போக்கும் ரத்த அழுத்தமும் வரலாம். வாரம் ஒருமுறையாவது பி.பி. பாருங்கள். தாங்க முடியவில்லை என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு அடுத்த முறை வந்து சொல்பவர்கள் பலர். போன் செய்யுங்கள், அளவைக் குறைத்துத் தொடரலாம்.

இம்யூனோதெரபிக்கு முன்னாடி எதுக்கு எண்டோஸ்கோபி?

சுருங்கிய ஈரலில் ரத்தம் ஓட முடியாமல் தேங்கி, உணவுக்குழாயில் உள்ள நாளங்கள் புடைத்திருக்கும். அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்று இரண்டு ஊசிகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையில் இரண்டாவது மருந்து ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது. புடைத்த நாளம் இருந்தால் முதலில் வளையம் போட்டுக் கட்டிவிட்டு, அல்லது மாத்திரையால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு ஊசியைத் தொடங்குவார்கள். அதற்கான கார்விடிலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

தினமும் கேட்கும் கேள்வி. கோபப்படாமல் முழுதாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. ஏனென்றால் கீழாநெல்லிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1988-இல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைரஸ் தங்கியிருந்தவர்களில் ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. புற்றுக்கட்டியைக் கீழாநெல்லி குறைக்கும் என்பதற்கு மனிதர்களில் ஆதாரம் இல்லை. பி வைரஸுக்கு இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று நன்றாக வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன.

நான் அதிகம் பயப்படுவது கீழாநெல்லியோடு சேர்ந்து வரும் மற்றவற்றுக்கு. பெயர் தெரியாத பொடி, பஸ்பம் கலந்த லேகியம், “ஒரே மாதத்தில் புற்று கரையும்” என்று வாட்ஸ்அப்பில் வரும் சூரணம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்த சிலருக்கு ஈரல் வீக்கம் வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அரிஷ்டம், ஆசவம் இரண்டும் புளிக்கவைத்துச் செய்பவை, அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. மீதி இருக்கும் கொஞ்சம் ஈரலை வைத்துத்தான் டேஸோ மாத்திரையோ கொடுக்கப் போகிறோம். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் பாட்டிலோடு கொண்டுவாருங்கள். யாரும் திட்ட மாட்டோம்.

என்ன சாப்பாடு கொடுக்கணும்? மோர்ச் சோறு மட்டும் கொடுத்துட்டு வர்றோம்.

அந்தப் பத்தியத்தை இன்றே விட்டுவிடுங்கள். மஞ்சள் காமாலைக்கு நம் வீடுகளில் வழிவழியாக வரும் மோர்ச் சோறு, எண்ணெய் இல்லாத சாப்பாடு, முட்டை மீன் விலக்கு எல்லாம் சேர்ந்து ஈரல் நோயாளியின் தசையைக் கரைத்துவிடுகிறது. தோள்பட்டை எலும்பு தெரிய, வயிறு மட்டும் பெருத்து வருபவர்களில் பலர் பசியோடு வைக்கப்பட்டவர்கள். தசை குறைந்தால் மூளைக் குழப்பம் கூடும், சிகிச்சையைத் தாங்கும் சக்தி குறையும்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 60 கிலோ மனிதருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பாருங்கள். முட்டை, மீன், கோழி, பால், தயிர், பனீர், பருப்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு என்று நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். சைவர்கள் ஒவ்வொரு வேளையும் பருப்பு அல்லது பயறு இல்லாமல் தட்டு வைக்காதீர்கள். வயிற்று நீர் அழுத்துவதால் மூன்று வேளை நிறையச் சாப்பிட முடியாது. ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக.

படுக்கும் முன் ஒரு கிண்ணம் சத்துமாவுக் கஞ்சி, அல்லது பாலும் இரண்டு இட்லியும், அல்லது பாலும் பழமும். இதை மருந்துபோல நினைத்துக் கொடுங்கள். நல்ல ஈரல் இரவுக்கான சக்தியைச் சேமித்து வைத்திருக்கும். சுருங்கிய ஈரலால் முடியாது. ஓர் இரவு வெறும் வயிற்றோடு இருப்பது இவர்களுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமம். ஏகாதசி, கிருத்திகை, நோன்பு எதுவானாலும் இப்போது விரதம் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் கஞ்சியின் அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பி குடிக்கலாம். ஈரலுக்கு நல்லது என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

வயிற்றில் தண்ணி சேர்ந்திருக்கு. தண்ணி குடிக்கிறதைக் குறைக்கணுமா?

குறைக்க வேண்டியது உப்பை. ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கிப்போய் டாக்டர் சொன்னால் மட்டும் தண்ணீரை அளக்கலாம். ஒரு நாள் முழுவதற்கும் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு, 5 கிராம், அதுவும் இட்லி மாவில் போட்டதையும் சேர்த்து. சோறு உப்பில்லாமல் வடியுங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், பாக்கெட் சூப் வேண்டாம். எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி, பூண்டு ருசிக்குக் கைகொடுக்கும். இரண்டு வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். ஆனால் உப்பில்லை என்று சாப்பாட்டையே ஒதுக்கினால் கொஞ்சம் உப்பு சேர்த்தாவது சாப்பிடவையுங்கள். பட்டினி அதைவிடக் கெடுதல்.

இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான். கடையில் ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்கக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து. அதே காரணத்தால் இளநீரையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஊதுவதும் வற்றுவதும் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடையில் தெரிந்துவிடும்.

பகல் முழுக்கத் தூங்குறார், ராத்திரி உலாத்துறார். வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்.

இது மூளைக் குழப்பத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரல் வடிகட்ட முடியாமல் போகும்போது அது மூளைக்கு ஏறுகிறது. முதலில் தூக்கம் மாறும். பிறகு வழக்கமில்லாத எரிச்சல், சட்டைப் பொத்தான் மாற்றிப் போடுவது, சில்லறை எண்ணத் தடுமாறுவது, நீட்டிய கை பறவைச் சிறகுபோல அடிப்பது. ஒரு வழி சொல்கிறேன்: தினமும் காலையில் நோட்டில் அவரையே பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து கோணத் தொடங்கினால் ஏதோ சரியில்லை.

லாக்டுலோஸ் சிரப் எதற்கு என்று பலருக்கும் தெரிவதில்லை. “மலச்சிக்கல் இல்லையே” என்று நிறுத்திவிடுகிறார்கள். அம்மோனியாவை வெளியேற்றத்தான் அது. தினம் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். போகவே இல்லை என்றாலும் ஆபத்து, ஐந்தாறு முறை தண்ணீராகப் போனாலும் உடம்பு வறண்டு குழப்பம் வரும். தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது. குழப்பம் ஒருமுறை வந்தவர் வண்டி ஓட்ட வேண்டாம். அந்த நேரத்தில் அவர் பேசும் கடுஞ்சொல்லை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது நோயின் பேச்சு.

வலிக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம்?

பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் போகாமல். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் எதுவும் கூடாது. சிறுநீரகத்தைக் கெடுத்து, ரத்தக்கசிவையும் உண்டாக்கும். மெடிக்கல் ஷாப்பில் “வலி மாத்திரை” என்று கேட்டால் பெரும்பாலும் இவற்றைத்தான் தருவார்கள், அதனால் சீட்டில் எழுதி வாங்கிய பெயரை மட்டும் கேளுங்கள். வலது தோள்பட்டை வலிக்கிறது என்று தைலம் தேய்ப்பார்கள். ஈரலுக்கு மேலிருக்கும் உதரவிதானம் உறுத்துவதாலும் அங்கே வலிக்கும். பாராசிட்டமால் போதவில்லை என்றால் மார்ஃபின் உண்டு. ஈரலுக்கு ஏற்றபடி குறைந்த அளவில், மலம் இளக்கும் மருந்தோடு கொடுப்பார்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

எப்போ 108-ஐக் கூப்பிடணும்?

ரத்த வாந்தி. தார்போலக் கறுத்த மலம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் சந்தேகம் என்றால் வந்துவிடுங்கள்). எழுப்பினாலும் சரியாக விழிக்காமை. திடீரென்று வயிற்றில் கடும் வலியோடு மயக்கம். கட்டி வெடித்து ரத்தம் கசியலாம். வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ. நாள் முழுக்கச் சிறுநீர் போகாமை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிக்குமா?

புற்று ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கொஞ்சலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம். பி வைரஸ் இருந்தால் ரத்தம், உடலுறவு வழியாகப் பரவும். சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி தனியாக இருக்கட்டும். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தம் பரிசோதித்து, இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வைரஸ் இருப்பதாகத் தெரிந்தவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

அப்பாகிட்ட புற்றுன்னு சொல்லாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்.

அப்பாவும் தனியாக என்னிடம் வந்து, “பையன்கிட்ட சொல்லாதம்மா, பயந்துருவான்” என்பார். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் தனித்தனியாக அழுகிறார்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டியதில்லை. “ரிப்போர்ட் பத்தி உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்ப்பா?” என்று கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். “நீங்களே பாத்துக்கோங்க” என்றால் அதுவும் அவர் விருப்பம். தெரியாமல் வைத்திருந்தால் உப்பை ஏன் குறைக்கச் சொல்கிறோம், டேஸ் எதற்கு என்று அவருக்கு விளங்காது, ஒத்துழைக்க மாட்டார். வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, மகளிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை என்று அவருக்கும் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கும்.

எத்தனை நாள் இருப்பார்?

ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நாள் எண்ணாதீர்கள். எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் சிகிச்சையின் ஆய்வில் பாதிப் பேர் 19 மாதங்களைத் தாண்டி இருந்தார்கள். அதாவது மறுபாதி அதற்குள் போய்விட்டார்கள். சிலர் பல வருடம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஈரல் தெம்பு ‘ஏ’வில் இருந்தவர்கள். ‘சி’யில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அவருக்குப் பேச வேண்டியது பெரும்பாலும் மாதக் கணக்கு. டாக்டரிடம், “வருஷக் கணக்கா, மாசக் கணக்கா, வாரக் கணக்கா?” என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் நேர்மையான பதில் கிடைக்கும், திட்டமிடவும் அது போதும்.

ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். ஆஸ்பத்திரியை விட்டுப் போகலாமா?

போகலாம். ஈரல் ‘சி’ நிலைக்கு வந்து, கட்டிக்கு வைத்தியம் கொடுப்பது துன்பத்தைத்தான் கூட்டும் என்றான பிறகு ஐ.சி.யூ. கட்டிலைவிட அவர் வீட்டுத் திண்ணை மேல். வைத்தியத்தை நிறுத்திவிட்டோமே என்று உறுத்த வேண்டாம். வலி, குமட்டல், அரிப்பு, மூச்சுத் திணறல் எல்லாவற்றுக்கும் வைத்தியம் தொடர்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருபவர்கள் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

கிளம்பும் முன் எங்களிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு நகல், மார்ஃபினுக்கான சீட்டு, லாக்டுலோஸ், வயிற்று நீரை வழியில் எங்கே எடுக்கலாம் என்ற விவரம், ரத்த வாந்தி வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு தாளில் எழுதிய குறிப்பு, வார்டின் போன் நம்பர். ரத்தம் கண்டால் வீட்டார் பதறுவார்கள். கறுப்போ கரும்பச்சையோ நிறத்தில் ஒரு பெரிய துண்டு கட்டில் அருகிலேயே இருக்கட்டும். காரில் பின் இருக்கையில் சாய்ந்து படுக்கத் தலையணை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம், பையில் கஞ்சி ஃபிளாஸ்க். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்கள்.